ஒன்பது இருக்கைகள்

விமானத்தில் ஒன்பது இருக்கை.
செப்டம்பரில் எட்டு அவர்களுக்கு,
ஒன்று அவர்களுடைய கேமரா முக்காலிகளுக்கு.

ஃப்ளாஸியின் கடைவாய்ப் பல்
மூன்று வாரமாகக் காத்திருக்கிறது.
ஃபேர்பேங்ஸ் மருத்துவர் இரண்டு முறை தேதி மாற்றிவிட்டார்.
வீங்கிய கன்னத்துக்குள் கிராம்பை அடக்கிக்கொண்டு
என் மனைவி
வந்தவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறாள்.
விரிப்புக்கு நாலு டாலர்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

படகு என்னுடையது.
அதன் புது எஞ்சின் கரடி வாங்கித் தந்தது.
போன குளிரில் எண்ணெய்க்காரனிடம்
நான் கடன் சொல்லாததும் கரடியால்தான்.
ஆறு பேரை ஏற்றிக்கொண்டு
மணல்திட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்துவேன்.
அங்கே ஒரு தாய், இரண்டு குட்டிகள்.
யாரும் பேச மாட்டார்கள்.
ஒருமுறை ஒரு பெண் அழுதாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
துடைத்துக்கொள்ள என் கையுறையைக் கொடுத்தேன்,
மீன் வாடையோடு.

"பனி உருகுகிறதே, உங்களுக்கு வருத்தமாக இல்லையா?"
தெர்மாஸிலிருந்து காப்பி ஊற்றியபடி கேட்பார்கள்.
நான் பையனாக இருந்தபோது
இந்த மாதத்தில் கரையில் நின்றாலே பனிவிளிம்பு தெரியும்.
இப்போது தெரிவது தண்ணீர்,
அதற்கப்புறம் தண்ணீர்.
அதனால் கரடி கரைக்கு வருகிறது.
அதனால் நீங்கள் வருகிறீர்கள்.
அதனால் எனக்கு எஞ்சின்.
வருத்தத்தை இதில் எங்கே வைப்பது
என்று தெரியாமல்
பிஸ்கட் டப்பாவை நீட்டுவேன்.

திமிங்கிலம் கிடைத்த அன்று
பள்ளிக்கூடம் பாதியில் விட்டார்கள்.
டெல்பர்ட்டின் முழங்கால் வரை ரத்தம்.
பங்கு பிரிக்கையில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
மறுநாள் அதே எலும்புக் குவியலில்
கரடி தலையை நுழைத்துத் தின்றபோது
அறுநூறு படம் எடுத்தார்.
"கரடி தின்றால் இயற்கை,
நாம் தின்றால்..." என்று ஆரம்பித்த டெல்பர்ட்
முடிக்காமல் கத்தியைத் துடைத்தான்.

எலும்பு தீர்ந்தால் தெருவுக்கு வரும்.
முன்பெல்லாம் ஒரு வெடி போட்டால் ஓடும்.
இந்த வருடம்
திரும்பிப் பார்த்துவிட்டு
மேவிஸ் வீட்டுப் படியிலேயே படுத்துக்கொண்டது.
உள்ளே அவளும் மூன்று பிள்ளைகளும், விடியும் வரை.
ஊர்க் கூட்டத்தில் கேட்டாள்:
"மனுஷனைக் கண்டால் அதற்கு இருந்த பயம்
யாரால் போனது?"
படகு வைத்திருக்கும் நாலு பேரையும்
எல்லோரும் பார்த்தார்கள்.
நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.
இடது காலில் தையல் விட்டிருந்தது.

பிறகு மூடுபனி இறங்கியது.
நாலு நாள் விமானம் இல்லை.
கடையில் முட்டை தீர்ந்தது, அப்புறம் பால்.
வந்தவர்கள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில்
வரிசையாகப் படுத்துக்கொண்டு
"எப்போதும் இப்படித்தானா?" என்றார்கள்.
எப்போதும் இப்படித்தான்.
மாத்திரை தீர்ந்த ஒருவருக்கு
எங்கள் நர்ஸ் தன் பங்கிலிருந்து கொடுத்தாள்.
ஃப்ளாஸி சூப் ஊற்றினாள்.
அவள் கன்னத்தை அன்றுதான் பார்த்தார்கள்,
கிட்டத்தில், குழல் விளக்கு வெளிச்சத்தில்.

ஐந்தாம் நாள் விமானம் வந்தது.
ஆரஞ்சுச் சட்டைக்காரர் தன் இருக்கையை
அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.
நல்ல மனிதர்.
அடுத்த விமானம் வரும்வரை
இலவசமாகக் கரடி காட்ட முடியுமா என்றும் கேட்டார்.

அழைத்துப் போனேன்.
மணல்திட்டு காலியாக இருந்தது.
ஒரு மணி நேரம்
இருவரும் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
காற்று திரும்பியது.
லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு
"எனக்குக் குளிர்கிறது" என்றார்.

எனக்கும்தான் என்றேன்.